சுவருக்குள் ஒரு வழி விடுங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டைப் பற்றிய இந்தக் கருத்தரங்கில் எனக்குக் கிடைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள். புது வீடு கட்டும்போதும் வாங்கிய வீட்டைப் புதுப்பிக்கும்போதும் நாம் எதையெல்லாம் அலசுகிறோம்? தரைக்கு எந்த ஓடு, சமையலறை அலமாரிக்கு எந்த நிறம், சாமி மேடை எந்தத் திசை என்று குடும்பமே கூடிப் பேசுகிறது. சுவருக்குள் என்ன கம்பி ஓடப்போகிறது என்று எத்தனை பேர் கேட்கிறோம்? "அதெல்லாம் குத்தகையாளர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம்.

சுவருக்குள் ஓடும் கம்பிகள் இரண்டு வகை. ஒன்று, விளக்கையும் விசிறியையும் குளிர்சாதனத்தையும் இயக்கும் 230 வோல்ட் மின்கம்பி. மற்றொன்று, குறைந்த மின்னழுத்தக் கம்பி. தொலைபேசி, தொலைக்காட்சி, இணையம், அழைப்பு மணி, திருட்டு எச்சரிக்கை, கண்காணிப்புக் கேமரா ஆகிய எல்லாம் இதில் அடங்கும். முதல் வகை வீட்டுக்குச் சக்தி கொண்டுவருகிறது. இரண்டாம் வகை செய்தி கொண்டுவருகிறது.

செய்தி சுமக்கும் கம்பியின் கதை நம் மண்ணோடு பின்னிப் பிணைந்தது. சுமார் 180 ஆண்டு காலக் கதை அது. அந்தக் கதையைப் படித்துவிட்டு வீடு கட்டுபவர் ஒரு விதமாகக் கட்டுவார், படிக்காதவர் வேறு விதமாகக் கட்டுவார் என்பது என் கருத்து. அதனால்தான் இன்று உங்களிடம் ஓடு, பெயின்ட் பற்றிப் பேசாமல் வரலாறு பேச வந்திருக்கிறேன்.

ரப்பருக்கு முன் வந்த 'கித்தா'

நம் பாட்டன், பூட்டன்மார் ரப்பர் தோட்டத்தைக் 'கித்தாக்காடு' என்றார்கள். மரப்பால் என்று பொருள்படும் 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்தான் நம் வாயில் கித்தா ஆனது. ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்தது 1877ஆம் ஆண்டில். அதற்கு முன்பே இன்னொரு 'கெத்தா' உலகைக் கலக்கிவிட்டது. அதன் பெயர் கட்டாபெர்ச்சா.

மலாய்க்காரர்கள் 'தாபான்' என்று அழைத்த காட்டு மரத்தின் பால் அது. வெந்நீரில் போட்டால் பிசைந்த மாவைப் போல் இளகும். ஆறினால் கெட்டியாகும். பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்ய அதைப் பயன்படுத்தினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் அறுவை மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கமரி சிங்கப்பூரில் அதைக் கவனித்து, 1843ஆம் ஆண்டில் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். அதே காலத்தில் சிங்கப்பூர் வணிகரும் மருத்துவருமான ஜோசே டி அல்மெய்டாவும் அங்கு மாதிரி அனுப்பினார்.

அப்போது ஐரோப்பாவில் தந்தி பரவிக்கொண்டிருந்தது. தரையில் கம்பம் நட்டுக் கம்பி கட்டிவிடலாம். கடலை எப்படிக் கடப்பது? தண்ணீரில் வெறும் செம்புக் கம்பி செய்தி சுமக்காது. அதை மூட ஓர் உறை வேண்டும். நீருக்கு அசையாமல், குளிருக்கு வெடிக்காமல் இருக்கும் உறை கட்டாபெர்ச்சாதான் என்று கண்டார்கள். 1847ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் கம்பியின் மேல் அதை ஒட்டுப்போடாமல் முழுதாகப் பூசும் முறையை உருவாக்கினார்.

1850ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே முதல் கடலடிக் கம்பியைப் போட்டார்கள். கட்டாபெர்ச்சா உறையைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. மறுநாளே அறுந்துபோனது. ஒரு மீனவர் அறுத்துவிட்டார் என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டு, இரும்புக் கம்பிகளைக் கவசமாகச் சுற்றிப் போட்டார்கள். அது நிலைத்தது. கம்பிக்கு மேல் ஒரு காப்பு வேண்டும் என்ற முதல் பாடம் அங்கே பிறந்தது. இன்று சுவருக்குள் கம்பியை வெறுமனே புதைக்காமல் பிவிசி குழாய்க்குள் விடுகிறோமே, அதற்குப் பாட்டன் அந்தக் கவசம்தான்.

1870ஆம் ஆண்டு இறுதியில் மதராஸிலிருந்து பினாங்குக்கும், 1871 தொடக்கத்தில் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி வந்து சேர்ந்தது. வாரக்கணக்கில் கப்பலில் வந்துகொண்டிருந்த லண்டன் செய்தி, ஓரிரு நாளிலும் சில மணி நேரத்திலும் வரத் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து மலாயாவுக்கு ஆட்கள் கப்பலேறி வந்த அதே வங்கக் கடலின் அடியில், நம் காட்டு மரப்பாலை உறையாக அணிந்த கம்பி செய்தி சுமந்தது.

இதற்கு ஒரு விலையும் கொடுத்தோம். ரப்பர் மரத்தைப் போல் இந்த மரத்தைக் கீறி நாள்தோறும் பால் எடுக்க முடியாது. பால் எளிதில் வடியாது என்பதால் மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு மரத்துக்குக் கிடைத்ததோ சொற்பம். 1850களின் இறுதிக்குள் சிங்கப்பூர்க் காடுகளில் அந்த மரம் ஏறக்குறைய இல்லாமலே போனது. பிறகு தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ என்று கோடரி நகர்ந்தது. 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐசிஐ ஆய்வுக்கூடத்தில் பாலிதீன் கண்டுபிடிக்கப்பட்டு, பின்னர் கம்பி உறையாக வந்த பிறகே கட்டாபெர்ச்சாவின் தேவை குறைந்தது.

2,000 வோல்ட் கற்றுத்தந்த பாடம்

செய்திக் கம்பிக்கு மின்சாரம் ஏன் குறைவாக இருக்க வேண்டும்? இதற்கும் ஒரு கதை உண்டு.

1858ஆம் ஆண்டில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து முதல் கம்பி போடப்பட்டது. விக்டோரியா மகாராணி அமெரிக்க அதிபருக்கு 98 சொற்களில் வாழ்த்து அனுப்பினார். அது போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. சைகை மிகவும் பலவீனமாக இருந்ததால், அந்தத் திட்டத்தின் மின்துறைப் பொறுப்பாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட் வரை அழுத்தம் கொடுத்தார். ஏற்கெனவே பழுதுபட்டிருந்த உறை அதைத் தாங்கவில்லை. மூன்று வாரத்தில் கம்பி ஊமையானது.

அதே திட்டத்தில் இருந்த வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்றவர், வேறு வழி சொன்னார். கம்பியில் பலத்தைக் கூட்டாதீர்கள், கேட்கும் கருவியைக் கூர்மையாக்குங்கள் என்பது அவர் வாதம். சிறு கண்ணாடித் துண்டு அசைவதைக் கொண்டு மிக மெல்லிய சைகையையும் படிக்கும் கருவியைச் செய்தார். 1866ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயங்கிய அட்லாண்டிக் கம்பி அவர் வழியில்தான் நடந்தது.

செய்திக் கம்பி என்பது பலசாலி அல்ல, நல்ல காது. கட்டுமான இடத்தில் இதை மறந்துவிடுகிறோம். மின்கம்பியை இழுப்பது போலவே இணையக் கம்பியையும் முரட்டுத்தனமாக இழுக்கிறார்கள், மடக்குகிறார்கள், சுத்தியலால் ஆணி அடிக்கிறார்கள். மின்கம்பி அதைப் பொறுத்துக்கொள்ளலாம். செய்திக் கம்பி பொறுக்காது. அது அறுந்து போகாது; மெதுவாகிவிடும். ஏன் மெதுவாகிறது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஏன் முறுக்குகிறார்கள்?

1876ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். மூன்றே ஆண்டில், 1879ஆம் ஆண்டில், பென்னட் பெல் என்ற தந்தி நிறுவன மேலாளர் சிங்கப்பூரில் 50 இணைப்புகளுக்கான தொலைபேசி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இவர் வேறு பெல். தமிழில் எழுதும்போது மட்டுமே பெயர் ஒன்றுபோல் தெரிகிறது.

அந்தக் காலத் தொலைபேசிக்கு ஒரே ஒரு கம்பி. திரும்பும் பாதையாகப் பூமியே இருந்தது. தந்திக் கம்பியும் மின்விளக்குக் கம்பியும் நகரங்களில் பெருகியபோது, தொலைபேசியில் பேச்சைவிட இரைச்சலே அதிகம் கேட்டது. 1881ஆம் ஆண்டில் பெல் இதற்குத் தீர்வு கண்டார். இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினார்.

முறுக்கினால் என்ன ஆகும்? வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவாக ஏறும். மறுமுனையில் உள்ள கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே படிக்கும். இரண்டிலும் ஒரே அளவாக இருக்கும் இரைச்சல் கழிந்துபோகும். பேச்சு மட்டும் மிஞ்சும். இவ்வளவுதான் சூட்சுமம்.

உங்கள் வீட்டுக்கு வரும் கேட் 6 கம்பியை வெட்டிப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஜோடியும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருக்கும். ஒரு ஜோடியின் பேச்சு மற்றொன்றில் கேட்காமல் இருக்கவே அந்த ஏற்பாடு. சாக்கெட்டில் பொருத்தும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக்கூடாது என்பது இத்துறையின் விதி. வசதிக்காக இரண்டு அங்குலம் பிரித்துவிடும் ஊழியர், பெல் 1881ஆம் ஆண்டில் தீர்த்த பிரச்சினையை உங்கள் சுவருக்குள் மீண்டும் கொண்டுவருகிறார்.

சுவருக்கு வெளியே ஓடிய அரை நூற்றாண்டு

1949ஆம் ஆண்டில் ரீடிஃபியூஷன் வந்தது. வானொலிதான், ஆனால் காற்றில் வராமல் கம்பியில் வந்தது. வீடுகளிலும் காப்பிக் கடைகளிலும் ஒரு பெட்டியை மாட்டி, தெருவிலிருந்து கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். நீண்ட காலம் மாதச் சந்தா ஐந்து வெள்ளி. லீ டாய் சோ போன்ற சீனக் கதைசொல்லிகளின் குரலைக் கேட்கக் காப்பிக் கடையில் கூட்டம் கூடியதைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். உச்சத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் இருந்தார்கள். 2012ஆம் ஆண்டில் அந்தக் குரல் ஓய்ந்தது.

1963ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது. கூரையில் ஆன்டெனாவும் அதிலிருந்து இறங்கும் கம்பியும் வந்தன. தொலைபேசிக் கம்பி வந்தது. 1995ஆம் ஆண்டில் கம்பிவடத் தொலைக்காட்சி வந்தது. 1999ஆம் ஆண்டுக்குள் தீவு முழுவதும் அதற்குக் கம்பி போட்டு முடித்தார்கள்.

இத்தனையும் வந்தபோது வீடுகள் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டிருந்தன. வந்த கம்பியெல்லாம் சுவருக்கு வெளியே ஓடின. வாசல் கதவின் மேல் துளை போட்டு நுழைந்து, சுவரோரமாகத் தவழ்ந்து, ஜன்னலைச் சுற்றிப் படுக்கையறைக்குப் போயின. மேலே வெள்ளை பிளாஸ்டிக் டிரங்கிங் போட்டு மறைத்தோம். பழைய வீவக வீடுகளிலும், ஜொகூரிலிருந்து பினாங்கு வரை உள்ள பழைய தரைவீடுகளிலும் இந்தக் காட்சியை இன்றும் பார்க்கலாம். புவியியலார் மண் அடுக்கைப் பார்த்து வயது சொல்வது போல, சுவரில் உள்ள கம்பிகளைப் பார்த்தே அந்த வீட்டின் வயதைச் சொல்லிவிடலாம்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். தீவு முழுவதும் கம்பிவடம் போட்டு முடித்தது 1999. அந்தக் கம்பிவடச் சேவை நிறுத்தப்பட்டது 2019 செப்டம்பர் 30. இடையில் சரியாக 20 ஆண்டுகள். வீவக வீட்டின் குத்தகைக் காலமோ 99 ஆண்டுகள். அப்படியானால் ஒரு வீடு தன் ஆயுளில் எத்தனை வகைக் கம்பிகளைப் பார்க்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு

கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் முறை 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் அதை உருவாக்கினார்கள். தொடக்கத்தில் அது தடித்த ஒரே கம்பி. எல்லாக் கணினியும் அந்த ஒன்றிலேயே தொங்கும். வழியில் எங்கேனும் கம்பி கெட்டால், மொத்த அலுவலகமும் நின்றுபோகும்.

தொலைபேசிக்காக ஏற்கெனவே ஓடும் முறுக்குக் கம்பியையே இதற்கும் பயன்படுத்தினால் என்ன என்ற யோசனை 1980களில் எழுந்தது. 1990ஆம் ஆண்டில் அது அதிகாரபூர்வத் தரமானது. 1991ஆம் ஆண்டில் கட்டடங்களுக்கான கம்பித் தரமும் வெளியானது. அதன் அடிப்படை விதி எளிது: ஒவ்வோர் அறையிலிருந்தும் தனித்தனிக் கம்பி புறப்பட்டு ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். நட்சத்திர வடிவம் என்பார்கள். ஓர் அறையின் கம்பி கெட்டால் அந்த அறை மட்டுமே பாதிக்கப்படும்.

பழைய தொலைபேசி முறையில் வரவேற்பறையிலிருந்து படுக்கையறைக்கும், அங்கிருந்து அடுத்த அறைக்கும் ஒரே கம்பியைத் தொடர்ச்சியாகக் கொண்டுபோவார்கள். அனுபவம் மிக்க மின்பணியாளர்கள் சிலர் அந்தப் பழக்கத்தில் இணையக் கம்பியையும் அப்படியே போட்டுவிடுவது உண்டு. சாக்கெட் எல்லா அறையிலும் இருக்கும், இணையம் வராது. பூச்சு வேலை முடிந்த பிறகு அதைச் சரிசெய்ய வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டியதுதான்.

வாசல்வரை வந்த ஒளி

கண்ணாடி இழை வழியாக ஒளியில் செய்தி அனுப்பலாம் என்று 1966ஆம் ஆண்டில் சார்ல்ஸ் காவ் காட்டினார். 2009ஆம் ஆண்டில் அதற்காக நோபெல் பரிசு பெற்றார். அதற்கு அடுத்த ஆண்டே அந்த ஒளி நம் வீட்டு வாசலுக்கு வந்தது. மலேசியாவில் 2010 மார்ச் மாதம் யூனிஃபை சேவை தொடங்கியது. சிங்கப்பூரில் அடுத்த தலைமுறை விரிவலைக் கட்டமைப்பின் சேவை 2010 செப்டம்பரில் தொடங்கி, 2012ஆம் ஆண்டுக்குள் பெரும்பாலான வீடுகளைத் தொட்டது.

ஆனால் அந்த ஒளி வாசலோடு நின்றுவிட்டது. நுழைவாயில் அருகே ஒரு சின்னப் பெட்டி, பக்கத்தில் ரூட்டர். அங்கிருந்து உள் அறைகளுக்கு? 'வைஃபை இருக்கிறதே' என்றோம். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவர் கொண்ட காப்பறை உண்டு. வைஃபை சைகை அந்தச் சுவரைக் கடக்கத் திணறும். பாதுகாப்பு விதிகளின் காரணமாக அதை நம் இஷ்டத்துக்கு ஊடுருவித் துளைக்கவும் முடியாது. கோடி அறையில் படிக்கும் பிள்ளைக்குத் திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

2013ஆம் ஆண்டின் கட்டடத் தொடர்பு விதித்தொகுப்பு சிங்கப்பூரில் இதற்கு ஒரு வழி செய்தது. புதிய குடியிருப்புகளில் இழைக் கம்பியையும் அறைகளுக்கான இணையக் கம்பியையும் கட்டும்போதே போட்டுவிட வேண்டும் என்ற முறை வந்தது. அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் இருப்பவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதன் அருமை 2020ஆம் ஆண்டில் புரிந்தது. மலேசியாவில் மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. சிங்கப்பூரில் ஏப்ரல் 7ஆம் தேதி நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கி, மறுநாளிலிருந்து எல்லாப் பள்ளிகளும் வீட்டுக்கு வந்தன. அப்பா வரவேற்பறையில் கூட்டத்தில் இருப்பார். அக்கா ஓர் அறையில் வகுப்பில் இருப்பாள். தம்பி இன்னோர் அறையில். மூன்று பேரும் ஒரே ரூட்டரை நம்பி! அறைக்குக் கம்பி இருந்த வீட்டுப் பிள்ளை பாடத்தைக் கேட்டது. இல்லாத வீட்டுப் பிள்ளை ரூட்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டது. சுவருக்குள் கம்பி ஓடுகிறதா இல்லையா என்பது அன்றுவரை வசதியைப் பற்றிய கேள்வி. அந்த ஆண்டில் அது பிள்ளையின் படிப்பைப் பற்றிய கேள்வியானது.

'கம்பியே வேண்டாமே!'

"இன்னும் பத்து ஆண்டில் எல்லாமே கம்பியில்லாமல் ஆகிவிடும். பிறகு எதற்கு இந்தச் செலவு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

நான் வேலை செய்யும் ஒளிப்பதிவுக் கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். என் சட்டையில் குத்தியிருக்கும் ஒலிவாங்கிக்குக் கம்பி இல்லை. ஆனால் அதன் சைகையை வாங்கும் பெட்டி சில மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியிலிருந்து கட்டுப்பாட்டு அறைவரை கம்பிதான். நிகழ்ச்சி நேரலை என்றால் தொழில்நுட்பக் குழு இன்னும் கவனமாகக் கம்பியைச் சோதிக்கும்.

வீடும் அப்படியே. கம்பியில்லா இணையம் கடைசிச் சில மீட்டர் தூரத்துக்குத்தான். ஒவ்வோர் அறைக்கும் நல்ல வைஃபை வேண்டுமானால், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவிக்கு ஒரு கம்பி வேண்டும். 2003ஆம் ஆண்டிலிருந்து, கூரையில் இருக்கும் வைஃபை கருவிக்கும் கேமராவுக்கும் வேண்டிய சிறு மின்சாரத்தைக்கூட அதே இணையக் கம்பியில் அனுப்பும் தரம் உள்ளது. வைஃபை வந்ததால் கம்பியின் வேலை கூடியிருக்கிறது, குறையவில்லை.

வேகமும் ஏறிக்கொண்டே போகிறது. விநாடிக்கு 10 கிகாபிட் வேகத்துக்குக் கட்டமைப்பை உயர்த்தும் திட்டத்தைச் சிங்கப்பூர் 2024ஆம் ஆண்டில் அறிவித்தது. 2002ஆம் ஆண்டின் கேட் 6 கம்பி அந்த வேகத்தைச் சுமார் 55 மீட்டர்வரை தாங்கும். 2008ஆம் ஆண்டின் கேட் 6ஏ 100 மீட்டர்வரை தாங்கும். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டுமே போதும். அடுத்த தலைமுறைக்கு எது போதும்? அதை இன்று யாரும் சொல்ல முடியாது.

வரலாறு சொல்லும் விதிகள்

நேயர்களே, இதுவரை சொன்ன கதையின் சாரம் ஒன்றுதான். தந்தி, தொலைபேசி, ரீடிஃபியூஷன், ஆன்டெனா, கம்பிவடம் என்று ஒவ்வொரு தலைமுறையும் தன் வீட்டுக்கு வந்த கம்பியையே கடைசிக் கம்பி என்று நம்பியது. ஒருவர் நம்பிக்கையும் பலிக்கவில்லை. கம்பி மாறும். கம்பி போகும் வழி அப்படியே நிற்கும். ஆகவே கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு முதலில் வேண்டியது நல்ல வழி. குத்தகையாளரிடம் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நேரம். செங்கல் சுவர் எழும்பியதும், பூச்சு வேலைக்கு முன்னால் இதை முடிக்க வேண்டும். ஓடு பதித்து, ஃபால்ஸ் சீலிங் அடித்த பிறகு நினைவுக்கு வந்தால், கம்பியைவிட உடைத்துப் பூசும் கூலி பல மடங்காகும்.

இரண்டாவது, குழாய். கம்பியை நேரடியாகச் சுவரில் புதைக்க விடாதீர்கள். பிவிசி குழாய் போடச் சொல்லுங்கள். குழாயில் பாதி இடமாவது காலியாக இருக்கட்டும். வளைவுகள் மென்மையாக இருக்கட்டும். ஒரே ஓட்டத்தில் இரண்டு செங்கோண வளைவுக்கு மேல் வேண்டாம். தொலைக்காட்சி வைக்கும் இடத்துக்கும் படிக்கும் அறைக்கும் ஒரு வெற்றுக் குழாயைக் கூடுதலாகப் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள். சிமென்ட் உள்ளே போகாமல் வாயை அடைத்து வையுங்கள். நாளைக்கு வரப்போகும் பெயர் தெரியாத கம்பிக்கு அந்தக் கயிறுதான் வழிகாட்டி.

மூன்றாவது, விலகி நிற்றல். 230 வோல்ட் மின்கம்பியும் செய்திக் கம்பியும் ஒரே குழாயில் போகவே கூடாது. இரைச்சல் மட்டும் காரணமல்ல, உயிர் காரணம். மின்கம்பியின் உறை தேய்ந்து செய்திக் கம்பியைத் தொட்டால், உங்கள் கையில் இருக்கும் கருவிவரை மின்சாரம் வரும். இரண்டும் பக்கத்தில் ஓட நேர்ந்தால் இடைவெளி விட வேண்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்கோணமாகக் கடக்க வேண்டும். மின்கம்பி வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படையுங்கள்.

நான்காவது, கூடும் இடம். எல்லாக் கம்பியும் வந்து சேர ஓர் இடத்தை வரைபடத்திலேயே குறியுங்கள். அங்கே மின்வசதியும் காற்றோட்டமும் இருக்கட்டும். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு கம்பி போடுங்கள். கூலி ஒன்றுதான், கம்பியின் விலை மட்டுமே கூடும்.

ஐந்தாவது, பொருள். முழுச் செம்புக் கம்பியா என்று கேளுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும். அது தரத்துக்கு உட்பட்டதல்ல; எளிதில் ஒடியும், மின்சாரமும் அனுப்பினால் கூடுதலாகச் சூடேறும்.

ஆறாவது, மென்மை. இழுக்கும் விசை சுமார் 11 கிலோ எடையைத் தாண்டக்கூடாது. கம்பியின் தடிப்பைப் போல் நான்கு மடங்குக்குக் குறைவான வளைவில் மடக்கக்கூடாது. 1858ஆம் ஆண்டின் 2,000 வோல்ட்டை ஊழியர்களுக்கு நினைவூட்டுங்கள்!

ஏழாவது, மின்னல். நம் வட்டாரம் இடி மின்னலுக்குப் பேர்போனது. தரைவீட்டில் வாசல் கேட்டுக்குக் கேமராக் கம்பி கொண்டுபோவோர் மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் கருவியைக் கட்டாயம் பொருத்த வேண்டும். கண்ணாடி இழைக் கம்பியாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் கண்ணாடியில் மின்சாரம் பாயாது.

கடைசியாக, ஆவணம். பூசுவதற்கு முன் ஒவ்வொரு கம்பியையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரு முனைகளிலும் பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவோடு படம் எடுத்து வையுங்கள். பத்து ஆண்டு கழித்து ஓர் அலமாரியை மாட்டத் துளை போடும்போது, அந்தப் படத்தின் மதிப்பு தெரியும்.

வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்குகிறோம். நமக்குப் பின் அதில் பிள்ளைகள் வாழ்வார்கள், அல்லது நாம் அறியாத வேறு குடும்பம் வாழும். அவர்கள் வீட்டுக்கு எந்தக் கம்பி வரும் என்பது நமக்குத் தெரியாது. பாராங் கைப்பிடியைப் பார்த்து வியந்த மருத்துவருக்கு, அந்த மரப்பால் மதராஸையும் சிங்கப்பூரையும் இணைக்கும் என்று தெரிந்திருக்காது. தெரியாத ஒன்றுக்கு நாம் செய்யக்கூடிய உதவி, அது வருவதற்கு இடம் விட்டு வைப்பதுதான். சில மீட்டர் வெற்றுக் குழாயும் ஒரு நைலான் கயிறும் அதற்குப் போதும்.